கடல் சுவரில் கிடக்கும் கல்வட்டம்

போன மழைக்காலத்தில் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு எதிரே இரண்டு வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோனது. மூன்றாவது வரிசையின் முதல் வீடு மீன் விற்கும் ஓர் அம்மாவுடையது. அதற்கு முன்னால் தடுப்புச் சுவருக்காகக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலை நடையில் அந்தக் குவியலைப் பார்த்தேன். குவாரிக் கல் என்றால் விளிம்பு கூராக இருக்கும், வெடிக்குத் துளைபோட்ட தடம் தெரியும். ஏழெட்டுக் கற்களில் அது இல்லை. உருண்டையாக, மேல்பாதி கறுத்து, கீழ்ப்பாதியில் செம்மண் ஒட்டியிருந்தது.

எங்கே நின்றவை என்று எனக்குத் தெரியும். நகருக்கு வெளியே ஓர் ஏரி மேட்டில், இரும்புக்கால மனிதர்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் பாறை நட்ட கல்வட்டம். அதைப் பாதுகாக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதியவன் நான்.

லாரி டிரைவரைக் கேட்டேன்.

“மோட்டு மேல சொம்மா கெடந்துச்சு சார். குவாரியில ஒரே லைனு, பேஜாரு. அங்க முள்ளு வெட்டி வழி வுட்டு கீது. வண்டி நேரா உள்ள பூட்ச்சி.”

முள்ளை வெட்டவைத்தவனும் நான்தான். கல்வட்டத்தைச் சீமைக் கருவேலம் மூடியிருந்தது. படத்தில் வட்டம் முழுதாக விழ வேண்டும் என்று, போட்டோகிராபரின் ஏணி போகச் சாலையிலிருந்தே வெட்டச் சொன்னேன்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே நின்றார்.

“இன்னா நைனா, கல்ல திருப்பி எடுத்துகினு பூடுவாங்களா?”

“பழைய காலத்துச் சமாதிக் கல்லும்மா இது.”

“செத்தவங்க எங்க ஓடப் போறாங்க? எனக்கு இந்த வூடு ஒண்ணுதான் கீது. போன் கீன் போட்டு வெச்சிராத.”

போட்டேன். பழக்கமான தொல்லியல் அதிகாரி ஒருவர் ஏரி மேட்டைப் பார்த்துவிட்டு இங்கே வந்தார். மேட்டு மண்ணையும் அள்ளிவிட்டார்களாம், குழிகூட மிஞ்சவில்லை. கற்கள் நின்ற இடங்களை அளந்து வைத்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை. படம் மட்டும் இருந்தது.

“அளவு தெரியாமல் திரும்ப நட்டால் அது நாம் போட்ட வட்டம் சார். இங்கேயே இருக்கட்டும்.”

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருவருக்கும் டீ வாங்கிவந்தார்.

“இதே மாரி உருண்டக் கல்லு இன்னும் எங்கனா கீதா நைனா? இந்தப் பக்கம் சுவரு பத்தல.”

அதே ஏரியின் மறுகரையில் இன்னும் இரண்டு வட்டங்கள் உண்டு.

“தெரியாதும்மா” என்றேன்.