அணைத்தண்ணீரில் ஆள் ஏற்றியவன்

பஸ் டிரைவருக்கு ஸ்டாப் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கும். வைகை அணையில் மோட்டார் படகு ஓட்டியவனுக்குக் கரையே இடம் மாறும். ஆள் ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

நகரும் கரை

மதகைத் திறந்தால் தண்ணீர் வடிந்து, நேற்று ஆள் ஏற்றிய இடம் இன்று சேறாகிக் கிடக்கும். அப்படி ஒரு நாள், முழங்கால் வரை புதைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து ஏறினார் அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர். முந்தின வாரம்தான், அலை அதிகம் என்று இரண்டு மணி நேரம் அவரைக் காக்க வைத்திருந்தேன்.

"தண்ணி குறைஞ்சா நடக்க விடுறீங்க, கூடுனா காக்க விடுறீங்க. படகுல ஏத்துறது எப்பண்ணே?"

காற்றில் ஒரு சவாரி

கார்கிலில் சண்டை நடந்த வருஷம். அக்கரை ஊர்ச் செல்வம் பட்டாளத்துக்காரர். தன் கல்யாணத்துக்கு லீவில் வந்தவர். பத்தாம் நாளே திரும்பச் சொல்லித் தந்தி வந்துவிட்டது. அன்று மேல்காற்று பேயாய் அடித்தது. "இந்தக் காத்துல எடுக்க மாட்டேன் தம்பி" என்றேன். மதுரையில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அவர் நகரவே இல்லை. புதுப்பெண் முத்துலட்சுமி கரையில் நின்று என் முகத்தையே பார்த்தாள். எடுத்துவிட்டேன்.

நடுவில் இஞ்சின் நின்றது. அலை உள்ளே அடித்தது. இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து எனக்குக் கை மரத்துப் போனது. அவர் பூட்ஸைக் கழற்றி, அதாலேயே தண்ணீரை அள்ளிக் கொட்டினார். ஒருவழியாக இஞ்சின் பிடித்துக் கரை சேர்ந்ததும் பூட்ஸைக் கவிழ்த்து உதறினார்.

"அங்கன போயும் இதே பயந்தானண்ணே. இங்கனயே கொஞ்சம் பழகிக்கிட்டேன்."

டெலிபோன் பூத்

முடிந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று செல்வம் மனைவியிடம் சொல்லிப் போயிருந்தார். பூத் இருந்தது அணைப் பக்கம். வாராவாரம் முதல் படகில் வருவாள். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே வருவாள். நாலு ஞாயிறு போன் வரவில்லை.

ஐந்தாம் ஞாயிறு, படகை எடுத்த பிறகு பூத்திலிருந்து ஓடி வந்தாள். எல்லோரும் கத்தி என்னைத் திருப்பச் சொன்னார்கள். ஏறியவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்க யாருக்கும் தைரியமில்லை. பாதி தூரம் போன பின், உரக்கடை ராவுத்தர்தான் மெதுவாக, "என்னத்தா சொன்னாக?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கால்ல குண்டு பட்டு ஆசுபத்திரியில இருக்காக. அங்க சாப்பாடு என் சமையல விட நல்லா இருக்காம். வரட்டும், பேசிக்கிறேன்."

பதினோரு வருஷம் இக்கரைக்கும் அக்கரைக்குமாக நாள் தவறாமல் பயணம் போயும், ஓர் ஊருக்கும் போய்ச் சேராத ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.