சூடான சர்பத்துக்கு வடிகட்டி தேடி சாவ்ரி பஜாருக்கு

தலைநகரின் குழாய்ச் சாமான் சந்தையான சாவ்ரி பஜாருக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. நானும் போகவில்லை, அனுப்பப்பட்டேன். கோட்லாவில் என் பெரியம்மா ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, நன்னாரி சர்பத் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து விற்கிறார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு நானும் அங்கேதான். (ஏன் விட்டேன் என்பது பயணக் கட்டுரைக்குத் தேவையில்லை.) மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக்கடை அண்ணாச்சி எங்கள் பாட்டில்களைத் திருப்பி அனுப்பினார். எல்லாவற்றின் அடியிலும் வேர்த்தூள் படிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை சரக்குலயும் இப்படி மண்டி கெடந்தா, வேற ஆளு பாட்டில வச்சிருவேன், பாத்துக்கிடுங்க" என்று போனில் சொன்னார். எங்களிடம் வாரா வாரம் வாங்கும் ஒரே கடை அவருடையது.

பிரச்சினை வடிகட்டியில். ஸ்டீல் கூட்டுக்குள் பத்து அங்குல உருளை ஒன்று நிற்கும். அதைத்தான் கார்ட்ரிட்ஜ் என்கிறார்கள். பம்ப் சர்பத்தை அதன் வழியாகத் தள்ளும். மலிவாகக் கிடைத்ததென்று பெரியம்மா ஒரு டஜன் வாங்கிப் போட்டிருந்தார். வீட்டுக் குடிநீர் இயந்திரத்தில் இருக்குமே, பஞ்சு போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக், அதேதான். எங்கள் கூட்டில் ஒவ்வொன்றும் இடுப்பு ஒடுங்கி நசுங்கிப் போனது, ஓரத்து இடைவெளியில் தூள் நழுவியது. பாகு ஆறினால் கெட்டியாகி இறங்காது என்பதால் நாங்கள் சூடாகவே வடிப்போம். பிளாஸ்டிக் இளகுகிறது என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். என் குரல் பம்ப் சத்தத்தைத் தாண்டவில்லை.

"ஏட்டி, அஞ்சு மைக்ரானா பத்து மைக்ரானான்னு மட்டும் கேளு. வேற பேச்சு வேண்டாம், ஏமாத்திருவான்" என்று பெரியம்மா அனுப்பி வைத்தார். மைக்ரான் என்பது ஓட்டையின் அளவு; நசுங்கியவை அஞ்சு. அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டதிலிருந்து அவருக்கு எல்லாமே மைக்ரான்தான்.

கோட்லாவிலிருந்து ஐ.என்.ஏ. மெட்ரோவுக்கு இ-ரிக்‌ஷாவில் இருபது ரூபாய். அங்கிருந்து மஞ்சள் தடத்தில் எட்டாவது நிலையம் சாவ்ரி பஜார். வண்டி மாற வேண்டாம். ஆனால் மாதிரிக்காக எடுத்துப்போன நசுங்கிய கார்ட்ரிட்ஜ், பெண்கள் சோதனை வரிசையில் என் மானத்தை வாங்கியது. காவலர் அக்கா அதைப் பையிலிருந்து உருவினார். கையெல்லாம் பாகு.

"இது என்ன?"

"சர்பத்" என்றேன். பயத்தில் வாயில் வந்தது அதுதான். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

சாவ்ரி பஜார் நிலையம் பாதாளத்தில் இருக்கிறது. மேலே வந்தால் தள்ளுவண்டி, குழாய்க் கட்டு, சைக்கிள் ரிக்‌ஷா, நடுவில் கொஞ்சம் மனிதர்கள். முதல் கடையில் அதே வெள்ளை பிளாஸ்டிக்கை எடுத்து நீட்டினார்கள். "சர்பத்தும் தண்ணிதானே பேட்டி!" என்றார் கடைக்காரர், இந்தியில்; பேட்டி என்றால் மகள். "கரம் ஹை" என்றேன், சூடானது என்று. வெயிலைச் சொல்கிறேன் என நினைத்து மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

இரண்டாவது கடையில் காகித விசிறி போல மடித்து மடித்துச் செய்த கார்ட்ரிட்ஜ். ஒன்று அறுநூற்றைம்பது ரூபாய். பரப்பு அதிகம், மெல்லிய தூசிக்கு நல்லது. எங்கள் வேர்த்தூளோ வழவழவென்று இருக்கும்; மடிப்பில் அப்பிக்கொண்டு அரை மணியில் அடைத்துவிடும். அதைச் சொல்வதற்குள் அவர் பில் புத்தகத்தைத் திறந்துவிட்டார். நான் ஓடிவந்துவிட்டேன்.

மூன்றாவது கடையில்தான் நூல் சுற்றிய வகை இருந்தது. பருத்தி நூல், உள்ளே ஸ்டீல் குழாய் என்றால் சூட்டைத் தாங்கும் என்று போனில் படித்திருந்தேன். ஆனால் பிளாஸ்டிக் நூல் சுற்றியதும் உண்டு; இரண்டும் வெள்ளை, பார்த்தால் தெரியாது. "சப் காட்டன்", எல்லாமே பருத்தி என்று கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் தட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பையா, மைக்ரான் கித்னா?" எத்தனை மைக்ரான், அண்ணா என்று பெரியம்மா.

"ஆப்கோ கித்னா சாஹியே, மாதாஜி?" உங்களுக்கு எத்தனை வேண்டும் என்று கடைக்காரர்.

"அச்சா ஒண்ணு குடுங்க, ஜல்தி!"

இருவரும் என்னை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டே போனார்கள். பார்த்தேன், போனை வைத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறை.

சரோஜினி நகரில் காட்டன் என்று சொல்லித் துணி விற்றால், அம்மா ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார். கல்லாவில் சாமி படத்துக்கு முன் தீப்பெட்டி இருந்தது. "மாச்சிஸ்?" என்று கேட்டேன்.

"அரே பேட்டி, கடையைக் கொளுத்தவா வந்தே?" என்று சிரித்தார். ஆனாலும் கொடுத்தார்.

முதல் பெட்டி நூல் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பு மணியாக நின்றது. இரண்டாவது, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, முதல் பெட்டியை நிமிர்த்தி அடிப்பக்கத்து எழுத்தைப் படித்தார். "அச்சா... இது வேற சரக்கு" என்று உள்ளே தள்ளினார். பருத்தியில், ஸ்டீல் குழாய் வைத்தது, பத்து மைக்ரான், மூன்று வாங்கினேன். ஒன்று நானூற்றெண்பது.

நீங்களும் இதற்காகப் போவதாக இருந்தால்: ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் இருக்காது. காலை பதினொன்றுக்கு முன்னும் பயனில்லை. பழைய கார்ட்ரிட்ஜைக் கழுவிவிட்டு எடுத்துப் போங்கள். உணவுக்கு என்றால் சாயம், எண்ணெய் இல்லாத நூலாகக் கேளுங்கள். புதிதாக மாட்டியதும் வெந்நீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யாததால் முதல் நான்கு பாட்டிலில் பஞ்சு மிதந்தது, அவற்றை வீட்டிலேயே குடித்துக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை சரக்கோடு நானும் பெரியம்மாவும் போனோம். அண்ணாச்சி ஒரு பாட்டிலைத் தலைகீழாக டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் பிடித்தார். பிறகு அலமாரியில் இடம் ஒதுக்கிக்கொண்டே, "என்னம்மா செஞ்சிய?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அஞ்சு மைக்ரான பத்தாக்குனேன்" என்றார் பெரியம்மா.

நான் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அங்கே வாய் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்: மைக்ரான் இல்லை பெரியம்மா, சூடு.