ரத்தக் கழிச்சலும் என் பழைய நோட்டீஸ்களும்

கோழிக்குஞ்சின் பின்புறத்தைப் பார்த்து நோய் சொல்கிற தொழிலுக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. வேறெதிலோ தோற்றுவிட்டுத்தான் வருகிறார்கள். நான் புரட்சியில் தோற்றுவிட்டு வந்தேன். இந்த மலையாள ஊரின் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களுக்காகக் கோஷம் போட்டேன், நோட்டீஸ் எழுதினேன், அடி வாங்கினேன். கடைசியில் தலைமையைக் கேள்வி கேட்டபோது, என் எழுத்தால் ஒருவருக்கும் பயனில்லை என்று தீர்மானம் போட்டுச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது ஆரியசாலைச் சந்து ஒன்றில் கோழித்தீவனமும் மருந்தும் விற்கிறேன். நல்லதைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இந்த மழைக்காலத்தில் நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

இரண்டு வேளைக் குளியல்

விழிஞ்ஞத்திலிருந்து செல்வி வந்தாள். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். கட்டட வேலைக்குப் போன புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறான். அவள் குஞ்சு வாங்கி, கொஞ்சம் வளர்த்து, அக்கம்பக்கத்தில் விற்றுத்தான் அடுப்பு எரிகிறது. கூடையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து மேஜையில் வைத்தாள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, உலகத்தோடு உறவே வேண்டாம் என்பதுபோல் நின்றது. கூடையில் விரித்திருந்த காகிதத்தில் ரத்தம்.

ரத்தக் கழிச்சல். ஈரமான படுக்கையில் பெருகும் கிருமியைக் குஞ்சு கொத்தித் தின்னும். அது குடலைப் புண்ணாக்கிவிடும். “கூடு ஈரமா இருக்கா?” என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தினமும் இரண்டு வேளை குழாய் வைத்துக் கழுவுகிறாளாம்! காலையும் மாலையும் குளிக்காதவனை இந்த ஊர் மனிதனாகவே மதிக்காது. அந்த நீதியை அவள் கூட்டுக்கும் கொடுத்து, கழுவிய ஈரத்தின்மேலேயே மரத்தூளைத் தூவியிருக்கிறாள்.

மருந்துப் பொடியைக் கொடுத்து, பிரச்சினையின் வேரை விளக்கினேன். மருந்து வெறும் சீர்திருத்தம், கழுவுவதை நிறுத்திப் படுக்கையைக் காய வைப்பதுதான் புரட்சி என்றேன். பொறுமையாகக் கேட்டவள் குஞ்சைக் கூடைக்குள் வைத்தாள்.

“புரட்சிய பொறவு பாக்கலாம் அண்ணாச்சி, இப்ப இதுவ சாவாம இருந்தா போரும்.”

இரண்டாவது கிண்ணம்

பழவங்காடிப் பக்கம் குடியிருக்கும் சுந்தரம் சார் திருநெல்வேலிக்காரர். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்று, மொட்டை மாடியில் குஞ்சு வளர்க்கிறார். அங்கும் ரத்தக் கழிச்சல். குடிக்கிற தண்ணீரில் கலக்கச் சொல்லி அதே பொடியைக் கொடுத்தேன். மறுபடி வந்தவர், “உம்ம மருந்து போலிவே!” என்று சந்தே கேட்கும்படி கத்தினார். என் நேர்மையைச் சங்கம்கூடச் சந்தேகித்ததில்லை. கடையை அடைத்துவிட்டு அவரோடு மாடிக்கே போனேன்.

மருந்துத் தண்ணீர் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொரு கிண்ணம், நல்ல தண்ணீர். குஞ்சுகள் எல்லாம் அதைச் சுற்றித்தான். மருந்து கசக்குமே, பாவம் என்று சார் வைத்ததாம். முதலாளிகளுக்குத் தப்பிக்க இப்படி இரண்டாவது வழி ஒன்றை வைத்தே எங்கள் மனுக்கள் எல்லாம் ஆபீசில் செத்தன என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. இரண்டாவது கிண்ணத்தை எடுக்கச் சொன்னேன். சார் நிமிர்ந்து பார்த்தார்.

“சர்வீஸ் பூரா நான் ஒருத்தரையும் இதத்தான் செய்யணும்னு நெருக்கினதில்லவே, கோழியையா நெருக்கச் சொல்லுதீரு?”

பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

பொறுக்க முடியாமல் மறுபடி பேனாவை எடுத்தேன். ‘குஞ்சு வளர்க்கும் பெருமக்களே!’ என்று தொடங்கி, கூட்டைக் கழுவாதீர், மருந்துத் தண்ணீர் மட்டும் வைப்பீர், நோயுற்றதைத் தனியே பிரிப்பீர் என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, மருந்தோடு சேர்த்துக் கொடுத்தேன். வாங்கியவர்கள் அதிலேயே மருந்தை மடித்துக்கொண்டு போனார்கள்.

ஒரே ஒருவர் நின்று கடைசி வரி வரை படித்தார். பிரபாகரன், என் பழைய தோழர், மலையாளி. என்னை நீக்கிய கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவர். சங்கத்தில் இன்னும் இருக்கிறார், தீவனம் மட்டும் என் கடையில் வாங்குகிறார். எனக்கு நெஞ்சு சற்று விம்மியது உண்மை. அவர் நோட்டீஸை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எழுத்தில் பழைய சூடு உண்டு, சகாவே. ஆனா கோழிக்கு வோட்டு இல்லல்லோ!”

காய்ந்த காகிதம்

விடாத மழையில் செல்வி மறுபடி வந்தாள். கழுவுவதை நிறுத்திவிட்டாள், மருந்தும் சரியாகக் கொடுக்கிறாள். ஆனால் ஓட்டு இடுக்கில் ஒழுகிப் படுக்கை நனைந்துவிடுகிறது. மாற்றிப் போட ஒன்றும் கிடைக்கவில்லை. அறக்கப்பொடி என்று இந்த ஊரில் சொல்லும் மரத்தூள் எல்லா மில்லிலும் நனைந்து கிடக்கிறது. உமி லாரி வரவில்லை. “பாதி போயிட்டு அண்ணாச்சி. மிச்சமும் போனா அவருக்கு மருந்து வாங்கவும் வழியில்ல” என்றாள். அழவில்லை. கடை முழுவதும் கண்ணால் தேடினாள். பார்வை பரணில் போய் நின்றது.

அங்கே தார்ப்பாய் சுற்றிய கட்டுகள். என் நோட்டீஸ்கள். போலீஸுக்கும் கரையானுக்கும் தப்பவைத்தவை. என் வீட்டுக் கூரை ஒழுகியபோதும் அவற்றின்மேல் ஒரு சொட்டு விழவிட்டதில்லை. என்னை நீக்கியதற்கு நான் எழுதிய பதிலும் ஒரு கட்டு உண்டு. அதை அன்று வாங்க ஆளில்லை. பரணில் இருப்பது என்ன என்று செல்வி கேட்டாள். வரலாறு என்றேன்.

“காஞ்சிருக்கா?”

விநியோகம்

கூட்டில் நோட்டீஸை முழுத்தாளாக விரித்தால் குஞ்சுக்குக் கால் வழுக்கிக் கோணிப்போகும். அதனால் உட்கார்ந்து மெல்லிய கீற்றுகளாகக் கிழித்தோம். போனஸ் கோரிக்கை, கண்டன ஊர்வலம், கதவடைப்பு எல்லாம் சாக்குக்குள் போயின. தீவனம் வாங்க வந்த பிரபாகரனும் உட்கார்ந்து கிழித்தார். என் பதில் கட்டு வந்தபோது நான் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சரியாகவே இருந்தது. கிழித்தேன். பிரபாகரன் மட்டும் அதில் கிழிக்காத தாள் ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்ததைக் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

மழை கொஞ்சம் ஓய்ந்தபின் செல்வி வந்தாள். கூடையில் குஞ்சு இல்லை. ரத்தம் நின்றுவிட்டதாம், மீதி எல்லாம் துள்ளித் திரிகிறதாம். நான் மருந்தின் குணத்தை விளக்க வாயெடுத்தேன். அவள் பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வரலாறு இன்னும் கெடக்கா அண்ணாச்சி? நல்லா ஈரம் குடிக்குது கேட்டேளா!”

என் எழுத்தால் ஒருவருக்கும் பயனில்லை என்று தீர்மானம் போட்டவர்கள், விழிஞ்ஞத்துக்கு ஒரு நடை போய் அதன்மேல் துள்ளித் திரிகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.