சாத்திய கதவுக்குள் சக்கரம்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையை ஒட்டிய வேளார் தெருவில் ராக்கப்பன் பானைக்குத் தனி மவுசு இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் ஐப்பசியில், களிமண் வெட்டிக்கொண்டிருந்தவன்மேல் குழியின் கரை சரிந்து விழுந்தது. ஆளை உயிரோடு இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் வலது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. தரையோடு கிடக்கும் சக்கரத்தின் முன் குத்துக்காலிட முடியாதவன் எப்படிப் பானை வனைவான்?

அவன் மனைவி வெள்ளத்தாய் பதினைந்து வருஷமாக மண் மிதித்தவள். அவன் வனைந்து இறக்கிய பச்சைப் பானைகளைப் பலகையால் தட்டித் திறந்த அடிப்பாகத்தை மூடியவளும் அவள்தான். சக்கரத்தில் மட்டும் பெண் கை படக் கூடாது என்பது தெருக் கட்டுப்பாடு. மீறிய வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அவளுக்கோ ஏழு வயதில் கருத்தம்மாள் இருந்தாள்.

பொங்கலுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் பானை கேட்டு வரத் தொடங்கினார்கள். ஒருநாள் மத்தியானம் வெள்ளத்தாய் கதவைச் சாத்திவிட்டுச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். கழியால் சுற்றிவிட்டாள். மூன்று பானைகள் சரிந்தன. நான்காவது நின்றது. சுவரோரம் கால் நீட்டிக் கிடந்த ராக்கப்பன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து அவன் தம்பி சமுத்திரம் வாசலுக்கு வந்தான். "என்னண்ணே, உக்கார முடியுதா?"

"முடியுதுலே. கட்டுத்துணி இல்லாமக் கெடக்கேன், உள்ள வராத" என்றான் ராக்கப்பன்.

அன்று சொன்ன பொய்யைக் காப்பாற்ற தினமும் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. ஜன்னல் இல்லாத அறை அது. சித்திரை வெயிலில் சேலை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். யாராவது கூப்பிட்டால் அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருவாள். பானைகள் மெலிசாக, விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும்படி வந்தன. ஊர் ராக்கப்பனைப் புகழ்ந்தது.

மூன்றாம் வருஷம் ஞானரத்தினம் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றின் சமையலறைப் பொறுப்பு அவளுடையது. முப்பது தண்ணீர்ப் பானை சொல்ல வந்தவள், அவசரத்தில் கழுவாமல் வெள்ளத்தாயின் முழங்கையில் காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தாள்.

"வனையறது நீதானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

வெள்ளத்தாய் முந்தானையை இழுத்துக் கையை மூடினாள். "அம்மா, வெளிய சொல்லிராதீங்க."

"பயப்படாத. எங்க காம்பவுண்டுல ஒரு கொட்டகை சும்மாக் கெடக்கு. குடும்பத்தோட வந்துரு. அங்க கதவைத் தெறந்து வச்சே வேலை பாக்கலாம்."

நான்கு நாள் அதை மனதிலேயே வைத்திருந்து புருஷனிடம் சொன்னாள்.

"போவலாம். நீ வனைவ. நான் அங்க யாரு?" என்றான். பிறகு, "கருத்தம்மாள எவன் கட்டுவான்?"

முப்பது பானைகளும் வண்டியேறிப் போயின. அவள் போகவில்லை.

கருத்தம்மாளைப் பதினாறு வயதில் வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணப் பானைகளையும் தாயே சாத்திய அறைக்குள் வனைந்தாள். மாப்பிள்ளையின் அப்பா இருளப்பசாமி அவற்றைத் தடவிப் பார்த்து, எல்லார் முன்னாலும் ராக்கப்பனுக்குத் துண்டு போர்த்தினார். ராக்கப்பன் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் வெள்ளத்தாய் கேட்டாள்: "பிள்ளையக் கரையேத்தியாச்சு. இனிமே தெறந்து வைக்கட்டுமா?"

"அவியளுக்குத் தெரிஞ்சா பிள்ளையத் திருப்பி அனுப்பிருவாவ, ஏட்டி. ஒரு பேரன் பொறக்கட்டும், பொறவு பாப்போம்."

பேரன் பிறந்தான். பிறகு பேத்தி. ஒவ்வொரு தடவையும் இன்னொரு காரணம் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் ராக்கப்பன் விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். காரியங்கள் முடிந்த மறுநாள் அவள் பழக்கதோஷத்தில் மண்ணைச் சக்கரத்தில் வைத்துக் கழியை எடுத்தாள். அப்போதுதான் உறைத்தது. இனி இந்தச் சக்கரம் சுற்றினால் யார் சுற்றுகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். செத்துப்போனவன் பேரைச் சொல்லி ஒளிய முடியாது. கழியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

சமுத்திரம் நல்ல மனசோடுதான் வந்தான். "மதினி, சக்கரம் சும்மாக் கெடக்க வேண்டாம். நான் வனையறேன், நீங்க தட்டிக் குடுங்க." அதைத் தூக்கித் தன் முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டான்.

அவன் பானைகள் கனமாக, வாய் கோணிக்கொண்டு இருந்தன. அவற்றைச் சுமந்துகொண்டு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்குப் போனாள். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் சுண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ராக்கப்பனோட போச்சு, தாயி, அந்தப் பானையெல்லாம்."

"ஆமாய்யா" என்றாள் வெள்ளத்தாய். குவியலில் துழாவி, கோணல் குறைந்த பானை ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.