சையது பாயின் சட்டைப் பை

நேற்றுக் காலையில் மாரியம்மாள்தான் போன் செய்தாள். "அண்ணாச்சி, சையது பாய் மவுத்தாயிட்டாகளாம். நெஞ்சு வலியாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுலதான் வச்சிருக்காக." உடனே கிளம்பினேன்.

இராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லில் சையது பாய் எலக்ட்ரீஷியன். நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பஞ்சு சீவும் மெஷின் அடைத்துக்கொண்டால், சுவிட்சை அணைத்தது போதும் என்று அவர் யாரையும் கைவைக்க விடமாட்டார். பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்ட பிறகுதான், "இப்பக் கைய விடு தாயி" என்பார். அந்தக் கனத்தில் அவருடைய பைகள் எல்லாம் கிழிந்து தொங்கும். நான் கேலி செய்தால், "பை கிழிஞ்சா தைச்சுக்கிடலாம் மாப்ள" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மெஷினின் பின்பக்கம் அடைப்பெடுக்க, அதில் வேலை பார்த்த மாரியம்மாளை விட்டுவிட்டு, பியூஸோடு தொழுகைக்குப் போனார். உற்பத்தி குறைந்ததற்கு ஆபீஸில் திட்டு வாங்கிக்கொண்டு நான் வந்தேன். மெஷின் சும்மா நின்றது. வேலை முடிந்தும் மனிதர் மறதியாகப் பியூஸைக் கொண்டுபோய்விட்டார் என்று நினைத்தேன். பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. ஸ்டோரில் வேறு பியூஸ் வாங்கி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். மாரியம்மாளுக்கு இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் பாய் முந்திக்கொண்டார். "தொழுகைக்குப் போற அவசரத்துல, அவ கைய விட்டிருக்கத மறந்து நான்தான் பியூஸ மாட்டி சுவிட்சப் போட்டுட்டுப் போயிட்டேன். எம்பேர எழுதிக்கிடுங்க." அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல?

ஏன் இப்படிச் செய்தாய் என்று பிறகொருநாள் கேட்டேன். "அவள விட்டுட்டுப் போனது என் தப்புதான. உன்னைய வெளிய அனுப்புனா புதுசா ஒருத்தன் வருவான். அவனுக்குப் பயம் இருக்காது. உனக்கு இனிமே இருக்கும்" என்றார். இருந்தது. அதன்பின் எங்கள் ஷிப்டில் ஒருவர் கையிலும் கீறல் விழவில்லை.

நேற்று அவர் வீட்டு வாசலில் மாரியம்மாள் அழுதாள். "ஒருநா மறந்துட்டாக, பாவம். அவியள நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் அண்ணாச்சி." அப்போதும் நான் பேசவில்லை. உள்ளே அவரை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். அதில் பை இல்லை.

இன்று அடைப்பெடுக்கும்போது பியூஸ் கட்டை என் சட்டைப் பையில் கிடந்தது. மாரியம்மா, நீ மன்னிக்க வேண்டிய ஆள் அவரில்லை. அந்தப் பியூஸை மாட்டியவன் நான்.

போய் வா பாய். அன்று உன் பேரில் எழுதியதை இன்று இங்கே என் பேரில் எழுதிவிட்டேன்.