நேற்றுக்குப் போக விரும்பிய அத்தா

அம்மாவின் தம்பி திருச்சியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். பாடம் படித்தாரோ இல்லையோ, எங்கள் ஊரான லப்பைக்குடிகாட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு கதையோடு வருவார். அந்த முறை கொண்டுவந்தது காலத்துக்குள் ஓடும் ஒரு வண்டியின் கதை. நினைத்த நாளில் போய் இறங்கலாம். ஆனால் ஒரே தடவைதான்.

அன்று யாருக்கும் கதை கேட்கும் மனநிலை இல்லை. லீவு முடிந்து அத்தா மறுநாள் விடிகாலையில் சவூதிக்குக் கிளம்புகிறார். அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். வீட்டின் இறுக்கம் தாங்காமல்தானோ என்னவோ, யார் யார் எந்த நாளுக்குப் போவீர்கள் என்று மாமா கேட்டார்.

அண்ணன் கங்கைகொண்ட சோழபுரத்தில் யானைப்படை நின்ற காலத்துக்குப் போனான். அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்ததென்று டீச்சர் சொல்லியிருந்ததால் நான் அந்தக் கடலுக்குப் போனேன். அத்தா நேற்றுச் சாயங்காலத்துக்குப் போவதாகச் சொன்னார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நேற்று என்ன நடந்தது? மழை பெய்தது, கரண்ட் போனது, அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்தாள், அத்தா என் பென்சில்களைச் சீவிக் கொடுத்தார். அதைத்தான் பார்த்தாயிற்றே என்றேன்.

"எங்க பார்த்தேன்? பெட்டி கட்டுற நெனப்புலயே இருந்துட்டேன்," என்றார் அத்தா.

பிறகு பென்சில்களை எடுத்துவரச் சொன்னார். நேற்றுச் சீவிய கூர் அப்படியே இருந்தது. ஆனாலும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பிளேடால் நிதானமாக மறுபடி சீவினார்.

அதுதான் அத்தா எங்களோடு இருந்த கடைசி நாள். அடுத்த லீவுக்கு முன்பே மாரடைப்பில் அங்கேயே மௌத்தாகி, அந்த மண்ணிலேயே அடக்கமானார்.

ஆனால் அதெல்லாம் பின்னால். ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பதால் அத்தா கிளம்பிய அன்று விளக்குமாற்றை யாரும் தொடவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்கு அத்தாவின் போன் வந்தது. அம்மா பேசப் போயிருந்தாள். நல்ல பெயர் வாங்க இதுதான் நேரமென்று, மூலை முடுக்கெல்லாம் கூட்டி அள்ளிக் கொல்லையில் கொட்டினேன்.

"கூட்டிட்டியா புள்ள?" என்று வாசலிலேயே நின்றாள் அம்மா. கட்டிலுக்கு அடியில்கூடக் கூட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் நேராகக் கொல்லைக்குப் போய்க் குப்பைக்கு முன் குத்த வைத்துக் கிளற ஆரம்பித்தாள். தொலைந்தது தோட்டின் திருகாணியாகத்தான் இருக்கும் என்று எண்ணி, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சில் சீவல்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தேடினேன்.