ரெபேக்காவின் காருக்கு ஊற்றிய தண்ணீர்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதை ரெபேக்கா போன கிறிஸ்துமஸ் அன்று பிரியாணி பரிமாறிக்கொண்டே செய்தாள். ஈரோட்டிலிருந்து வந்திருந்த மகன் ஜெஃபின் தன் வழக்கமான பல்லவியை ஆரம்பித்தான்.

"அம்பத்தெட்டு வயசாச்சுங்கம்மா. ஆஸ்பத்திரி வேலைய விட்டும் தோட்டந்தோட்டமா அலையறீங்க. எங்ககூட வந்து இருங்க."

பேச்சை முடித்தால் போதும் என்று அவளும் சொல்லிவிட்டாள்: "கார் ஓடற வரைக்கும் நானும் ஓடறேன் கண்ணு. அது நின்னுபோச்சுன்னா வேலைய விட்டுப்போட்டு உன்ற ஊட்டுக்கு வந்தர்றேன்."

"சத்தியமாங்களா?"

"நாம சத்தியம் பண்றதில்ல. ஆமான்னா ஆமாந்தான்."

அந்தக் காருக்கு வயது இருபத்திரண்டு. சின்ன வெள்ளைக் கார். வெள்ளை என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, நாம் மறுக்க வேண்டாம். ரெபேக்காவின் கணவர் இருந்தபோது வாங்கியது. அவர் போன பிறகு, மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, அவள் அதை எடுத்துக்கொண்டு அன்னூர்ப் பக்கம் கிளம்பிவிட்டாள். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண்ணைத் துடைத்துக் கட்டுவது, சிறுநீர் டியூப் மாற்றுவது, முதுகு வெந்துபோகாமல் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது. பஸ் போகாத தோட்டத்து வீடுகள்தான் அதிகம். ஆறு வருஷமாக இப்படி. பல வீடுகளில் அவள் பெயர்கூடத் தெரியாது. நர்ஸக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேலையை அவள் சேவை, தியாகம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மகன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பதை நினைத்தாலே அவளுக்குக் கால் மரத்துப்போகும்.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோயம்புத்தூர் காந்திபுரத்தில் மருத்துவச் சாமான் கடைக்குப் போய் டியூப்பும் பஞ்சும் வாங்கிக்கொண்டு அன்னூருக்குக் கிளம்பினாள். அங்கே கோவிந்தராஜுலு என்ற விவசாயி பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவருக்கு டியூப் மாற்றும் நாள். சிக்னலில் முன்னாலும் பின்னாலும் டவுன் பஸ்கள். நகர வழியில்லை. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஏதோ தீய்ந்த வாடை வந்தது. சிக்னல் விழுந்ததும் காரை ஓரம் கட்டி அணைத்தாள். பானெட் இடுக்கிலிருந்து புகை புகையாக ஆவி வந்தது.

எதிர்ப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். குனிந்தும் பார்க்கவில்லை, தொட்டும் பார்க்கவில்லை. "கேஸ்கட் போயிருச்சுங்க்கா. இஞ்சின எறக்கோணும். இந்த வயசுல இதுக்கு எதுக்குங்க அதெல்லாம்? பழைய இரும்புக்குக் குடுத்துப்போடுங்க" என்று மரியாதையாகத் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனான்.

அந்த நேரம் பார்த்து ஜெஃபின் போனில் கூப்பிட்டான். தினமும் பத்து மணிக்கு டீ குடிக்கும்போது அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவது அவன் பழக்கம். ரெபேக்காவுக்கு மறைக்கத் தெரியாது.

"கார் நின்னுபோச்சு கண்ணு. இஞ்சின் போச்சுங்கறாங்க."

அவன் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "அப்படீங்களா... சரிங்கம்மா. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. ரூமு ஒழிச்சுத்தான் வெச்சிருக்கறோம். சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் சாகவில்லை, எதற்கு இப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அழுகை வந்தது. கோவிந்தராஜுலுவுக்கு இனி யார் டியூப் மாற்றுவார்கள்?

வண்டியை ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. அப்துல் வஹீது நினைவுக்கு வந்தான். இரண்டு சந்து தள்ளி, கார்களின் எலெக்ட்ரிக் வேலை மட்டும் பார்ப்பவன். அவன் அத்தாவுக்குச் சர்க்கரையில் கால் புண்ணாகிக் கிடந்தபோது எட்டு மாதம் ரெபேக்காதான் கட்டுப் போட்டாள். அவனைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ஏனுங்க்கா, ஓடும்போது சூடேறுச்சா, நிக்கும்போது சூடேறுச்சா?"

"நிக்கும்போதுதான். ஓடுனா ஒண்ணும் தெரியறதில்ல தம்பி."

"அப்ப யாரையும் கை வெக்க விடாதீங்க. ரேடியேட்டர் மூடியத் தொறந்து தண்ணி ஊத்தீராதீங்க, மூஞ்சி வெந்துரும். இதா வாரேன்."

வந்தான். ஆளும் பேருமாகக் காரைத் தள்ளி அவன் பட்டறையில் சேர்த்தார்கள். சூடு ஆறட்டும் என்று அரை மணி நேரம் பேசாமல் டீ குடித்தான். ரெபேக்கா வாங்கிய டீயில் ஏடு கட்டியது. பிறகு, ரேடியேட்டரில் திருகியிருந்த ஒரு பித்தளை சுவிட்ச்சின் ஒயரைப் பிடுங்கி, சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, ஒயரின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பித்துண்டால் சேர்த்தான்.

விர்ரென்று ஃபேன் சுற்றியது.

"பாத்தீங்களா? ஃபேனு நல்லாத்தான் இருக்குது. ஓடும்போது எதிர்க்காத்து அடிச்சு ரேடியேட்டர் ஆறிக்கும். நிக்கும்போது இந்த ஃபேனுதான் ஆத்தோணும். சூடாச்சுன்னு அதுக்குச் சொல்றது இந்த சுவிட்சுங்க. இது வாயத் தொறக்கல."

தண்ணீரை வடித்துவிட்டு சுவிட்சைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். பித்தளையே தெரியவில்லை. வெந்நீர்ப் போசியின் அடியில் படிவதைப்போல வெள்ளையாக, கெட்டியாக உப்பு அப்பியிருந்தது. சூடு உள்ளே இறங்க வழியே இல்லை.

ரெபேக்கா அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். முப்பத்தாறு வருஷமாக அவள் உருவிப் போடும் டியூப்களின் நுனியில் இதேதான் படிந்திருக்கும். உப்பு படிந்தால் அடைக்கும், அடைத்தால் ஆள் துடிப்பான். உப்பு படிய உடாதீங்க என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓயாமல் சொல்வாள்.

"என்ன தண்ணிங்க்கா ஊத்துவீங்க?" என்றான் வஹீது.

"உப்புத் தண்ணிதான்" என்றாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணபதிப் பகுதியில் அவள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி வரும், எட்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் மனது வைத்தால். அது நல்ல தண்ணீர். குடிக்க, சமைக்க மட்டும். குடம் குடமாகப் பிடித்து, துணி கட்டி மூடி வைக்க வேண்டியது. மற்ற எல்லாவற்றுக்கும் உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர். நல்ல தண்ணீரில் கை கழுவினால் அந்த வீட்டில் கொலைக்குற்றம். ஜெஃபின் நாலு வயதில் நல்ல தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டு வாங்கிய அடியை இன்றுவரை மறக்கவில்லை. அப்படி வளர்ந்த பிள்ளை, மாதம் ஒருமுறை ஈரோட்டிலிருந்து வந்தால் பையைக் கீழே வைத்த உடனே பானெட்டைத் திறப்பான். அம்மா தனியாக ஓட்டுகிறாளே என்று டயர் பார்ப்பான், ஆயில் பார்ப்பான், ரேடியேட்டரில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவான். எந்தத் தண்ணீர் என்று அவனுக்குச் சொல்லவா வேண்டும்?

"நர்ஸக்கா நீங்களே இப்படிப் பண்ணலாங்களா?" என்றான் வஹீது.

ஊருக்குத்தான் உபதேசம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "இஞ்சின்?" என்று மட்டும் கேட்டாள்.

"பாக்கலாங்க. நீங்க உடனே ஆஃப் பண்ணீட்டீங்க. அல்லா காப்பாத்தியிருந்தா தப்பிச்சிருக்கும்."

உள்ளே இருந்ததைக் கழுவி விட்டான். செம்மண் குழம்பாக வந்தது. திரும்பத் திரும்பக் கழுவினான். புது சுவிட்ச் போட்டு, பச்சை நிறக் கூலன்ட் ஊற்றி, வண்டியைக் கிளப்பி நிற்க வைத்தான். இருவரும் முள்ளைப் பார்த்தபடி நின்றார்கள். முள் கால்வாசி ஏறியது. அரைவாசி ஏறியது. அரையைத் தாண்டியது. ரெபேக்கா காலையில் சொல்லாமல் விட்ட ஜெபத்தை இப்போது சொன்னாள். அதுவும் பாதியில் மறந்துபோனது. முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

விர்ர்ர்.

யாரும் கம்பியால் தொடவில்லை. தானாகவே சுற்றியது. முள் இறங்கியது. ஃபேன் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தானாகச் சுற்றியது. வஹீது காதை வைத்துக் கேட்டான், பின்னால் போய்ப் புகையைப் பார்த்தான், "கேஸ்கட்டெல்லாம் ஒண்ணும் ஆகலீங்க" என்றான். அவள் வயிற்றில் பாலை வார்த்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. அவள் பக்கத்திலிருந்த டயர்மேல் தொப்பென்று உட்கார்ந்து, ஏடு கட்டிய அந்த ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்தாள். அவ்வளவு ருசியான டீயை அவள் குடித்ததே இல்லை.

மதியம் அன்னூரில் கோவிந்தராஜுலுவுக்கு டியூப் மாற்றினாள். அவர் மனைவி லட்சுமியம்மாள், "இன்னிக்கு என்னுங்க இத்தன நேரமாயிருச்சு?" என்றபோது, "காருக்கும் டியூப் மாத்துனேனுங்க" என்றாள். அந்த அம்மாள் நம்பிவிட்டார்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று மகனைப் போனில் கூப்பிட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஃபேன், சுவிட்ச், உப்பு எல்லாம்.



"நாந்தானுங்கம்மா ஊத்துனேன். மாசாமாசம்."

"நல்ல தண்ணியத் தொடாதீன்னு அடிச்சு வளத்துனவ நானு. அத உடு. ஆனா கண்ணு, சொன்ன சொல்லு சொன்னதுதான். கார் நின்னுபோச்சுன்னா வந்தர்றேன்னேன். நின்னுச்சு. இல்லேங்கல. நீ வரச்சொன்னா சாயந்திரமே வந்தர்றேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நானே தண்ணிய ஊத்திக் கெடுத்துப்போட்டு, நின்னுபோச்சு வாங்கன்னு எந்த வாயிலங்கம்மா சொல்லுவேன்?" ஜெஃபினின் குரல் உடைந்தது. "அந்தப் பேச்சே செல்லாதுங்க. நீங்க ஓட்டுங்க."

வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு அழுதாள். இந்த முறை தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

"ரூமுதான் ஒழிச்சு வெச்சாச்சு" என்றான் அவன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் வாரேன். ரெண்டு நாள் இருக்கறேன்."

"நான் வந்து கூட்டிக்கட்டுங்களா?"

"எதுக்கு?" என்றாள் ரெபேக்கா, சாவியை எடுத்தபடியே. "கார்லயே வாரேன்."